இரண்டு வீட்டுக்கும் ஒரே சொல்

மருந்துக்கடையில் அவளை எல்லோரும் கெட்டிக்காரி என்பார்கள். வாய் திறந்து கேட்காமலே எடுத்துக் கொடுத்துவிடுவாள் என்று பெயர். யாராவது வந்து நின்று, பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று நோட்டம் விட்டு, தொண்டையைச் செருமி, "அந்த... இதுக்கு..." என்று இழுத்தால் போதும். மூலமா, படையா, பெண்கள் சமாச்சாரமா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு நீட்டுவாள். அன்று சனிக்கிழமை மதியம்கூட, மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒரு பெரிய மனிதர் "ரெண்டு நாளா உக்கார முடியலம்மா" என்று மட்டும்தான் சொன்னார். களிம்பு பொட்டலமாகக் கைக்கு வந்ததும், கோயிலில் தீர்த்தம் வாங்கியவர் போலக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். அப்போதுதான் போன் அடித்தது.

அழைத்தது வாண்டின் அப்பா. வாண்டு என்பது அவளுடைய ஐந்து வயது மகள். அவளும் அவரும் பிரிந்த பிறகு, வார நாட்களில் அம்மா வீடு, சனி ஞாயிறு அப்பா வீடு என்று குழந்தை பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறது.

"பாப்பாவுக்கு... எரியுதாம்."

"எங்க எரியுது?"

"அதான்... அங்க."

ஊர் நியாயமெல்லாம் பேசுகிற வாய், இதற்கு மட்டும் பூட்டுப் போட்டுக்கொண்டது. போன் கை மாறியது.

"அக்கா, நான்தான். பயப்படாதீங்க. பாப்பாவுக்கு யோனியில எரிச்சலா இருக்காம். ஒண்ணுக்குப் போனா அதிகமாகுதாம். ரெண்டு மூணு நாளாவே இருந்திருக்கு போல."

முட்டியில் சிராய்ப்பு என்று சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். இவள் சட்டென்று போனைக் கையால் பொத்திக்கொண்டு கடையைச் சுற்றிப் பார்த்தாள். இருமல் மருந்துக்கு நின்ற கிழவர் காதில் எதுவும் விழவில்லை.

பேசியது, வாண்டின் அப்பா கட்டிக்கொண்டவள். சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். வாண்டு அவளைச் 'சித்தி' என்று கூப்பிடும். சித்தியாம்! என் கூடப் பிறந்தவளா அவள் என்று இவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு வரும். இவள் மனசுக்குள் வைத்திருக்கிற பெயர் தவளை. நுணலும் தன் வாயால் கெடும் என்று இத்தனை நாள் காத்திருந்து பார்த்துவிட்டாள். இந்தத் தவளை கெடுகிற வழியாக இல்லை.

"எங்கிட்ட வயித்து வலின்னுதான சொன்னா?" என்றாள்.

"பேரு தெரியாம வயிறுன்னு சொல்லியிருப்பாக்கா. எங்க வலிக்குதுன்னு தொட்டுக் காட்டச் சொன்னேன். அப்புறம் இதுக்குப் பேரு இதுன்னு சொன்னேன்."

வியாழக்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வாண்டு வயிறு வலிக்கிறது என்றது. கையை வயிற்றுக்கும் கீழே வைத்து அழுத்திக்கொண்டுதான் சொன்னது. இவள் அந்தக் கையை விலக்கி, "ஷேம் ஷேம், அங்கெல்லாம் கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கடையிலிருந்து கொண்டு வந்த வயிற்று வலி சிரப்பை மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். தித்திப்பாக இருந்ததால் பிள்ளையும் குடித்துவிட்டது. ஊருக்கெல்லாம் முகம் பார்த்து மருந்து கொடுக்கிறவளுக்குச் சொந்தப் பிள்ளையின் முகம் பிடிபடவில்லை.

"யாரு உன்னைச் சொல்லிக்குடுக்கச் சொன்னா?" என்று இவள் போனில் சீறினாள்.

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"உங்களைக் கேட்டிருக்கணும். தப்புதான்க்கா. நீச்சல் குளத்துல எல்லாப் பிள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுக்கறதுதான், அந்தப் பழக்கத்துல வந்துருச்சு. உங்க வீட்ல என்ன பேரு சொல்றீங்கன்னு சொல்லுங்க, நானும் அதையே சொல்றேன். ரெண்டு வீட்டுல ரெண்டு பேரு வேண்டாம், பிள்ளை குழம்பிடும்."

"சாயங்காலம் கூட்டிட்டு வாங்க. அப்ப சொல்றேன்," என்று போனை வைத்தாள்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் தேடி அவள் மெனக்கெடவில்லை. எரிந்தது பிள்ளைக்கு என்றாலும் அதைவிடப் பெரிதாக ஒன்று இவள் நெஞ்சில் எரிந்தது. மூன்று நாள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு என்னிடம் சொல்லாததை, போய் இறங்கிய அரை நாளில் அவளிடம் சொல்லியிருக்கிறதே. இன்றைக்கு எரிச்சல். நாளைக்கு வேறொன்று வரும், பெரிய பெண்ணாவாள், யாராவது எதையாவது செய்வான். அப்போதெல்லாம் யாரிடம் ஓடுவாள்? அந்த நினைப்பில் இருமல் மருந்துக்குப் பதில் காது மருந்தை எடுத்துவிட்டு, மறுபடி போய் மாற்றி வந்தாள்.

சாயங்காலத்துக்குள் ஒரு சொல் வேண்டும். தவளையிடம் இல்லாத சொல்லாக, தன் வீட்டுச் சொல்லாக வேண்டும். 'ஷேம் ஷேம்' என்று சொன்னால் மானம் போகும். தனக்குச் சின்ன வயதில் என்ன பெயர் சொல்லித் தந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தாள். 'ச்சீ' என்றுதான் சொல்லித் தந்தார்கள். 'பிறப்புறுப்பு' என்கிற பள்ளிப் புத்தகத்து வார்த்தை நீளமாக, பரீட்சைக்குப் படிப்பது போல இருந்தது. மற்றதெல்லாம் குழாயடிச் சண்டையில் கேட்டவை, பிள்ளை வாயில் வைக்க முடியாதவை. கடையில் பில் போடுகிற பெண்ணிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். அவளுக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள்.

"பையங்களுக்கு ஆயிரம் செல்லப் பேரு இருக்குக்கா. கூப்பிட்டுக் கொஞ்சவே செய்வாங்க. பொண்ணுக்குத்தான் ஒண்ணுமே வைக்காம விட்டுட்டாங்க," என்று சிரித்தாள் அவள். "பூன்னு வெச்சுக்கோங்களேன், அழகா இருக்கும்."

பூ. நன்றாகத்தான் இருந்தது. தவளைக்கு இதெல்லாம் தோன்றாது.

சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றது. அப்பாக்காரர் இறங்கவே இல்லை, செல்போனில் முக்கியமாக எதையோ தேடிக்கொண்டிருந்தார். தவளை இறங்கி வந்து பையைக் கொடுத்தாள். தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. பாழாய்ப் போனவள், ஈர முடியிலும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தாள்.

"நாங்க பூன்னு சொல்லுவோம்," என்றாள் இவள், கேட்பதற்கு முன்னாலேயே.

வாண்டு நிமிர்ந்து பார்த்தது. "இல்லம்மா. நீ ஷேம் ஷேம்னுதான சொல்லுவ?"

தவளை சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசலிலேயே நாலு கேள்வி கேட்டு அனுப்பியிருக்கலாம். அவள் சிரிக்கவில்லை. குனிந்து வாண்டின் செருப்பு வாரைச் சரிசெய்தபடி, "பூ நல்லாருக்குக்கா. டாக்டருக்கும் ஸ்கூல் டீச்சருக்கும் புரியணும், அவ்ளோதான். பாத்துக்குங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

டாக்டரம்மாவின் அறை மருந்துக்கடைக்கு மேலே மாடியில். எல்லாம் அந்தக் குளத்துத் தண்ணீரால் வந்த வினையாகத்தான் இருக்கும் என்று படியேறும்போது இவளுக்கு ஒரு நப்பாசை. டாக்டரம்மா "என்ன பண்ணுது கண்ணு?" என்று கேட்டு வாய் மூடவில்லை, வாண்டு பளிச்சென்று சொல்லிவிட்டது. எங்கே, எப்போதிருந்து, எப்போது அதிகம், எல்லாம். டாக்டரம்மா அசந்து போனார். "பெரியவங்களே எங்கிட்ட சுத்தி வளைச்சுத்தான் சொல்லுவாங்க. பிள்ளையை நல்லா வளர்த்திருக்கம்மா." வாண்டு "சித்திதான்..." என்று ஆரம்பிப்பதற்குள் இவள் குறுக்கே புகுந்து, மருந்து சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டாள். களிம்பு எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மா, பூசுகிற மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று விழித்தார். காரணம் குளமும் இல்லை. புதிதாக வாங்கிய வாசனை சோப்புதான், அதை நிறுத்தினால் சரியாகிவிடும் என்றார். அந்தச் சோப்பு இவளே ஆசையாகக் கடையிலிருந்து வாங்கி வந்தது.

வீட்டுக்கு வந்து வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்தாள். களிம்புக் குழாயின் மூடியைத் திறந்தபோதுதான் மதியத்திலிருந்து கேட்காமல் வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள்.

"சித்தி அங்க என்ன மருந்து போட்டா?"

"ஒண்ணும் போடல. சித்தி பாக்கவே இல்ல. ட்ரெஸ் மேலதான் தொட்டுக் காட்டச் சொன்னாங்க. இங்க மருந்து போடறதுன்னா அம்மாவும் டாக்டரும்தானாம். வேற யாரும் பாக்கக் கூடாதாம், சித்திகூட. அதான் உனக்குப் போன் பண்ணலாம்னாங்க."

"அப்பா?"

"அப்பா ஓடிப் போய் வெளிய நின்னுட்டாரு."

இவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. கெட்டவளாக இருந்தால் நிம்மதியாக வெறுத்துத் தொலைக்கலாம். என் பிள்ளையிடம் எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்க இவள் யார்? அந்த இடத்தை நானே பிடித்து வைத்திருக்க வேண்டியவள் அல்லவா? பொறாமை போகவில்லை, இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது. களிம்பைப் பட்டும் படாமலும் தடவிவிட்டு, பாவாடையைக் கீழே இழுத்துவிட்டாள். வாண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா, இனிமே பூவா, யோனியா?"

"உனக்கு எது பிடிச்சிருக்கு?"

"எதைச் சொன்னா நீ வருவ?"

"எதைச் சொன்னாலும் வருவேன்டி," என்று களிம்புக் குழாயின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள். வாண்டு நம்பியதாகத் தெரியவில்லை.

அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள். அடுப்படி ஜன்னலுக்கு எதிரே ஒரு கை நீளத்தில் பக்கத்து வீட்டு அடுப்படி. அங்கேயும் பாத்திரம் உருண்டுகொண்டிருந்தது.

"அம்மா! காது!" என்று அறையிலிருந்து கத்தல். ஓடினாள். காதில் ஒன்றுமில்லை. வாண்டு தலையை ஆட்டி, சரி போ என்றது.

"அம்மா! முட்டி!" மறுபடி ஓடினாள். முட்டியிலும் ஒன்றுமில்லை. அது விளையாடவில்லை என்பது திரும்பி வரும்போதுதான் இவளுக்கு உறைத்தது.

மூன்றாவது கத்தலுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"அம்மா! யோனி!"

எதிர் ஜன்னலில் பாத்திரச் சத்தம் நின்றது. இவள் உதடு தானாகக் குவிந்து 'ஷ்' என்று பாதி வரை போய்விட்டது. ஜன்னல் கதவு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அறையிலும் சத்தமில்லை, பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"யோனியில என்னடி? இதோ வந்துட்டேன்!" என்று இவளும் உரக்கக் கத்தினாள். அந்தச் சொல் இவள் வாயிலும் தவளையின் குரலில்தான் வந்தது. திறந்த ஜன்னலையும் திறந்த குழாயையும் அப்படியே விட்டுவிட்டு, சோப்பு நுரை சொட்டும் கைகளோடு அறையை நோக்கி ஓடினாள்.