கொக்குக்கு முட்டி வலி

உயரம் தாண்டுகிறவளுக்குக் கொக்கு என்று பெயர் வைக்கப் பெரிய கற்பனை ஒன்றும் தேவையில்லை. காலும் நீளம், கழுத்தும் நீளம், போதாக்குறைக்குக் கம்பிக்கு முன்னால் ஒற்றைக் காலில் நின்று யோசிக்கிற வழக்கம் வேறு. கட்டிய புருஷனே அவளை அப்படித்தான் கூப்பிட்டான். அவன் நெடுந்தூர ஓட்டக்காரன். வீட்டில் வாய்க்குப் பூட்டுப் போட்ட மாதிரி இருப்பான். விடியற்காலையில் ஓட ஆரம்பித்தால் போதும், மடை திறந்த மாதிரி பேச்சு. அச்சாபீஸில் நடந்தது, அப்பாவோடு போட்ட சண்டை, பிள்ளை பிறந்தால் யார் ஜாடை என்று ஒன்றும் பாக்கியிருக்காது. கல்யாணமானதிலிருந்து அவளும் கூடவே ஓடினாள். அந்தப் பேச்சுக்காகத்தான், வேறென்ன?

ஆனால் அவள் தாண்டுகிற உயரம் குறைந்துகொண்டே வந்தது. உழைப்புப் போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிகமாக ஓடினாள், பைத்தியக்காரி. இன்னும் குறைந்தது. மூன்று மாதத்தில் அணிக்குத் தேர்வு. அதில் கோட்டை விட்டால் இந்த வயதில் யாரும் மறுபடி கூப்பிடப் போவதில்லை.

பயிற்சியாளர் அக்கா ஒருநாள் அவளை மெத்தை ஓரத்தில் உட்காரவைத்துத் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இதுக்குள்ள சதை நூல் நூலா இருக்கு. அதுல ரெண்டு ரகம். ஒண்ணு மெதுவா இழுக்கும், நாள் பூரா சளைக்காது. இன்னொண்ணு சட்டுனு வெடிக்கும், உடனே களைச்சுப் போயிடும். உன்னைத் தூக்கி விடறது அந்த ரெண்டாவதுதான். கண் இமைக்கிற நேரம்தான் கால் தரையில இருக்கு. அதுக்குள்ள மொத்த பலத்தையும் கொட்டியாகணும்."

"எனக்கு அந்த ரகம் நிறைய இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பிறவியில வந்தது, எங்கேயும் போயிடாது. ஆனா அந்த வேகக்காரங்கள்லயே சொன்ன பக்கம் சாயற கூட்டம் ஒண்ணு இருக்கு. நீ மைல் கணக்குல ஓடி ஓடி அவங்களை எல்லாம் உன் வீட்டுக்காரர் கட்சியில சேர்த்துட்டே."

கொக்கு சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"ஓட்டத்தை நிறுத்து. கனமாத் தூக்கு, கொஞ்சமா குதி, நடுவுல நல்லா உட்காரு. அந்தக் கூட்டம் திரும்பி வந்துடும்."

உங்களோடு ஓட வரவில்லை என்று புருஷனிடம் எந்த வாயால் சொல்வது? அவர்களுக்கென்று இருப்பதே அந்த ஒரு மணி நேரம்தான். வலி என்று சொன்னால் அவளாக வேண்டாமென்று விட்டதாக ஆகாதே! "இடது முட்டி வலிக்குதுங்க," என்று சொல்லிவிட்டாள்.

அவன் நம்பினான். மறுநாள் தைலமும் முட்டியில் கட்டிக்கொள்ள ஒரு பட்டையும் வாங்கி வந்தான். சாயங்காலமானால் ஒரு குறையும் இல்லாத அந்த முட்டியை வாய் திறக்காமல் நீவிவிட்டான். அவளுக்கு வெட்கத்தில் உயிரே போயிற்று. விடியற்காலையில் அவன் மட்டும் காலணி மாட்டிக்கொண்டு கிளம்பினான். மைதானத்தில் அவனுக்குத் தெரியாமல் அவள் தூக்கினாள், குதித்தாள், உட்கார்ந்தாள். சும்மா உட்காருவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அக்கா சொன்னது பலித்தது. தரையை மிதித்தால் தரை அவளை மேலே தள்ளியது.

தேர்வன்று, வேடிக்கை பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு முறை கம்பி விழுந்தது. மிச்சம் ஒரே ஒரு வாய்ப்பு. நிமிர்ந்தால், வேலிக்கு அந்தப் பக்கம் அப்போதுதான் வந்து நிற்கிறான் அவன்! கையில் அவள் மறந்துவிட்டு வந்த முட்டிப் பட்டை.

அவள் எம்பிக் குதிப்பது இடது காலில். நொண்டினால் பொய் பிழைக்கும், அணி போய்விடும். குதித்தால் எல்லாம் வெட்டவெளிச்சம். சனியன் பிடித்த பொய்! ஓடிவந்து இடது காலை ஊன்றி எம்பினாள். கம்பி அசையக்கூட இல்லை.

நேரே வேலிக்குப் போனாள்.

"முட்டி?" என்றான்.

"முட்டிக்கு ஒண்ணுமில்லைங்க. எப்பவுமே இல்ல." ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள்.

அவன் பட்டையைச் சுருட்டினான், பிரித்தான். "நானும் ஓடல," என்றான்.

"என்னது?"

"நீ நின்ன நாள்லேர்ந்து. தெருமுனை பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்துட்டு வீட்டுக்கு வந்துடுவேன். தனியா ஓடக் கால் வரல. உன்னாலதான் நின்னேன்னு நீ கஷ்டப்படுவியேன்னு சொல்லல."

அட பாவி மனுஷா! அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை.

"அடுத்த உயரத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. இங்கேயே உட்காருங்க, ஏதாவது பேசுங்க."

"உட்கார்ந்தா எனக்குப் பேச்சு வராதே."

"அப்போ பஸ் ஸ்டாப்புல அவ்வளவு நேரம் என்னதான் பண்ணீங்க?"

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"உன்கூடதான் பேசிட்டிருந்தேன்," என்றான்.