மாமனார் இடித்த பொடி

நாட்டு வைத்தியரான என் மாமனாரின் மூலிகைப் பொடியிலிருந்து நான் அரும்பாடுபட்டுப் பிரித்தெடுத்த வெள்ளைத் தூள், மருந்துக்கடையில் விற்கும் பழைய மலேரியா மாத்திரைதான் என்று மெஷின் சொன்னது. நம்பாமல் இன்னொரு தடவை ஓட்டினேன். அதேதான். தலையில் அடித்துக்கொண்டேன்.

மூன்று வருஷம்! அந்தப் பொடியைக் கரைத்துக் கொடுத்ததும் மலேரியா எலிகள் ஜம்மென்று எழுந்து ஓடியதில் ஆய்வகமே துள்ளியது. "புது மருந்து கிடைச்சாச்சு, உங்க மாமனாருக்குச் சிலையே வைக்கணும்" என்றார் எங்கள் இயக்குநர். மனுஷர் போட்ட ஒரே நிபந்தனை, கொல்லைச் செடியின் இலையைக் காயவைத்து இடிப்பது அவர்தான். வேறு யார் கை பட்டாலும் மருந்து வேலை செய்யாதாம். இவ்வளவு படித்த மடச்சி நானும் சரியென்று தலையாட்டினேன். சொந்த மாமனார் ஆயிற்றே!

சந்தேகம் தீர, அவருக்குத் தெரியாமல் அதே செடியில் இலை பறித்து நானே இடித்து எலிகளுக்குக் கொடுத்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை.

போனிலேயே விஷயத்தைச் சொல்லியிருந்ததால், அன்று வீட்டுக்குள் நுழையும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மெதுவா கேளு, வயசானவர்" என்றார் என் கணவர். மெதுவாவது மண்ணாவது! நேரே மாமனாரின் மருந்து அறைக்குப் போனேன். அடுப்பில் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது.

"பொடியில மாத்திரை கலந்தீங்களா மாமா?"

கரண்டியைக் கீழே வைத்தார். மறுக்கவே இல்லை.

"உன் அத்தைக்கு ஜுரம் வந்தப்போ வெறும் இலைதாம்மா கொடுத்தேன்" என்றார். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பே செத்துப்போன மாமியார். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கெஞ்சினா. வைத்தியன் பொண்டாட்டியே அங்க போய்ப் படுத்தா என் மானம் என்னாகும்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் மாத்திரை கலக்காம யாருக்கும் கொடுத்ததில்ல."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "எங்களுக்காவது வெறும் இலையக் கொடுத்துத் தொலைச்சிருக்கலாமே! என் உழைப்பெல்லாம் நாசமாப் போச்சே!"

"பயமா இருந்துச்சும்மா. வெறும் இலைல ஒண்ணுமில்லன்னு நீ சொல்லிட்டா? அதான் கலந்தே கொடுத்தேன். உன் மெஷின் எப்படியும் இலைல இருக்கறதையும் சேர்த்துக் கண்டுபிடிச்சிரும்னு நெனச்சேன்." என் முகத்தையே பார்த்தார். "கொஞ்சமாவது இருக்கும் இல்ல?"

"வெறும் இலை குடிச்ச எலியெல்லாம் செத்துப்போச்சு மாமா."

வாய் முந்திக்கொண்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பிரயோசனம்? அவர் மேல் இருந்த கோபம் அப்படியே என் மேல் திரும்பியது.

மாமனார் அடுப்பை அணைத்தார். வாசலில் ஜுரத்தோடு காத்திருந்த பெண், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போம்மா. இப்பவே கிளம்பு" என்றார்.

"எதுக்குங்க ஐயா? உங்க கஷாயமே போதும்."

"போதாதும்மா" என்றார் மாமனார். "என் பொண்டாட்டிக்கே போதல."