கோத்தகிரியில் ஒரு கண்ணாடி வில்லா

திருமூர்த்திக்கு வீடு பார்க்கத் தெரியும் என்று துடியலூரில் அவரைத் தவிர யாரும் சொன்னதில்லை. மோட்டார் பம்ப் செய்து சம்பாதித்தவர். சம்பாதித்த பிறகு எல்லாமே தெரியும் என்று ஆகிவிட்டது. ஹோட்டலில் சாம்பாரை முகர்ந்து பார்த்துச் சமையல்காரரைக் கூப்பிட்டு அனுப்புவார். போன வருஷம் விடுமுறைக்கு ஏற்காட்டில் அவர் வாடகைக்குப் பிடித்த பங்களாவின் வாசலில் இரண்டு சிமெண்ட் சிங்கங்கள் இருந்தன; குழாயில் தண்ணீர் இல்லை. தம்பி சரவணன்தான் பக்கெட் பக்கெட்டாகத் தூக்கினான். ஊர் திரும்பியதும் அண்ணன் எல்லோரிடமும், "சிங்கம் எப்படி?" என்று கேட்டார்.

இந்த வருஷம் கோத்தகிரி என்று முடிவானது. வீடு தேடும் வேலையை யாரும் தருவதற்கு முன்பே சரவணனின் மனைவி லோகப்பிரியா எடுத்துக்கொண்டாள். மாமியார் பொன்னாத்தாளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தன. நாலு படி ஏறினாலும் அன்றைக்குத் தூக்கம் போய்விடும். எனவே படியில்லாத இடமாகத் தேடி, ஓர் ஓட்டு வீட்டைக் கண்டுபிடித்தாள். எல்லா அறைகளும் தரையோடு இருந்தன. கழிப்பறையில் பிடித்து எழக் கம்பி இருந்தது. வாசலில் ஒரு பேரிக்காய் மரம். வீட்டின் உரிமையாளர் ஃபஹீமா போனில் சுருக்கமாகச் சொன்னார்: "கார் வாசல் வரைக்கும் வருங்க. அம்மா ஒரு படிகூட ஏற வேண்டியதில்லீங்க."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடியிருந்தபோது லோகப்பிரியா படங்களைக் காட்டினாள்.

"ஓட்டு ஊடா?" என்றார் திருமூர்த்தி. "ஓட்டு ஊட்டுல பொறந்து, மேல வாரதுக்கு இத்தன பாடுபட்டோம். மறுக்கா காசு குடுத்து அதுக்கே போறதா, அம்மணி?"

சரவணன் சிரித்தான். அண்ணன் பேசி முடித்ததும் சிரிப்பது அவனுக்குக் கொட்டாவி மாதிரி, தானாக வரும்.

திருமூர்த்தி தான் பார்த்து வைத்திருந்த வில்லாவை டிவியில் போட்டார். மலைச்சரிவில் முழுக்கக் கண்ணாடி. மொட்டை மாடியில் நீச்சல் குளம். குளிக்கும் தொட்டி படுக்கையறை நடுவிலேயே கிடந்தது. பெற்ற தாயோடும் தம்பி பெண்டாட்டியோடும் போகிற இடத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. உடனே அந்த வில்லாவின் மேனேஜர் சுந்தரராஜுலுவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"படி எத்தனைங்க?" என்று லோகப்பிரியா குறுக்கே கேட்டாள்.

"ரோட்டுல இருந்து அறுபது எழுபது இருக்குமுங்க மேடம். வியூ வேணும்னா ஏறித்தானுங்க ஆகோணும்."

"முழங்கால் வலிக்காரங்க இருக்காங்க."

"பிரச்சனையே இல்லீங்க. கீழ ரோட்டோரமா டிரைவர் ரூம் இருக்குதுங்க. சுத்தமாக் கழுவி வெச்சர்றோம்."

யாராவது கோபப்படுவார்கள் என்று லோகப்பிரியா காத்திருந்தாள்.

"பாத்தியா, அவங்களே வழி சொல்லிப்போட்டாங்க," என்றார் திருமூர்த்தி. "சாப்பாட்டக் கீழயே கொண்டுபோய்க் குடுத்தர்லாம்."

சோபாவின் ஓரத்தில் இருந்து பொன்னாத்தாள் கேட்டாள்: "அப்ப டிரைவர் எங்க படுப்பான்?"

"அவன் கார்ல படுத்துக்குவாம்மா."

"நல்ல ஏற்பாடு," என்றாள் பொன்னாத்தாள். பிறகு சின்ன மகனைப் பார்த்தாள். சரவணன் டிவியில் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லோகப்பிரியாவுக்கு மூத்தார் திருமூர்த்திமீது கோபம் பழகிப்போன ஒன்று. இப்போது கணவனைப் பார்த்தபோது வந்தது கோபம் இல்லை. ஊசிப்போன சோற்றுப் பானையைத் திறந்தால் முகம் தானாகத் திரும்புமே, அது.

"அத்தை, நாம ரெண்டு பேரும் அந்த ஓட்டு ஊட்டுக்குப் போலாங்களா?"

"போலாங் கண்ணு."

"குடும்பத்தைப் பிரிக்கறயா?" என்று எழுந்தார் திருமூர்த்தி.

"இல்லீங்க மாமா. டிரைவருக்கு அவரு ரூமத் திருப்பிக் குடுக்கறனுங்க."

அடுக்களைக்குப் பின்னாலேயே வந்தான் சரவணன். "நான் எந்த ஊட்டுக்குப் போறது, லோகு?"

"உங்களுக்கு எது இஷ்டமுங்களோ."

"அண்ணன் தப்பா நெனச்சுக்குவாரு."

"அப்ப அவருகூடயே போங்க."

போனான்.

ஓட்டு வீட்டில் ஒரு ஜன்னல் சரியாக மூடவில்லை. தரை ஜில்லென்றிருந்தது, ஃபஹீமா அறைக்கு அறை ஜமக்காளம் விரித்துக் கொடுத்தார். பொன்னாத்தாள் யார் கையையும் பிடிக்காமல் மரத்தடி வரைக்கும் போய் உட்கார்ந்தாள். மறுநாள் மத்தியானம் சரவணனிடமிருந்து போன் வந்தது.

"பகல்ல அடுப்பாட்டம் சுடுது லோகு, இந்தக் கண்ணாடி. எதுத்தாப்புல இன்னொரு வில்லா கட்டறாங்க. வேலையாளுக எல்லாம் எங்களையே பாக்கறாங்க. திரையப் போட்டுட்டு லைட்டுல உக்காந்திருக்கறோம். அண்ணன் வேற, வியூ எப்படின்னு கேட்டுட்டே இருக்காரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சூப்பருன்னு சொன்னேன்." சரவணன் குரலைத் தாழ்த்தினான். "அங்க வரட்டுமா? எடமிருக்குதா?"

இடம் இருந்தது. கடைசி அறைக் கட்டிலில் விரித்த போர்வை கலையாமலே கிடந்தது.

"அண்ணங்கிட்டச் சொல்லிப்போட்டு வாரீங்களா?"

"கடைக்குப் போறன்னு சொல்லீட்டு வாரேன்."

அதுவரைக்கும், வரட்டும் என்றுதான் லோகப்பிரியா நினைத்திருந்தாள்.

"வேண்டாங்க. அங்கயே இருந்து வியூவப் பாருங்க," என்று போனை வைத்தாள். கொஞ்சமாவது பாவமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். இல்லை.

"என்னவாமா?" என்றாள் மரத்தடியில் இருந்த பொன்னாத்தாள்.

"ஊடு சூப்பரா இருக்குதாமுங்க அத்தை."

பொன்னாத்தாள் மூக்கால் ஒரு சத்தம் விட்டாள். "இருக்கட்டும். நீ வந்து டீயக் குடி, ஆறுது."