கிருமிக்குப் பட்டினி

பூச்சிக்கு மருந்து தருகிறேன் என்று வந்தவன் எவனையும் நான் நம்பியது கிடையாது. மூர்த்தியையும் நம்பவில்லை. வேங்கிக்காலில் வாடகை வீடு பிடித்து, கண்ணாடிக் குடுவையில் கிருமி வளர்க்கிற ஆள். கீழ்பென்னாத்தூரில் என் கொல்லை முழுக்க மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடியைக் கம்பளிப்பூச்சி மேய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கிருமியைத் தெளித்தால் பூச்சி சாகும் என்றான். கிருமிக்குத் தீனி போட என்னிடமே புண்ணாக்கு கேட்டான். வேறு வழியில்லை, கொடுத்தேன்.

பிறகு மருந்து கேட்டுப் போனேன். குடுவை கஞ்சித் தண்ணியாகக் கலங்கியிருந்தது.

"எங்கய்யா மருந்து?"

"இன்னும் ஆவலைங்க பெரியவரே. தீனி ஜாஸ்தியாப் போச்சு. தின்னுட்டுப் பெருகுதே ஒழிய வித்து கட்ட மாட்டேங்குது."

"வித்தா? கிருமிக்கா?"

"ஆமாங்க. தீனி தீந்தாத்தான் அதுக்குள்ள வித்து மாதிரி ஒண்ணு கட்டும். பூச்சியக் கொல்ற விஷமும் அப்பத்தான் சேரும். அதான் புண்ணாக்கக் கம்மி பண்ணிட்டேன்."

"பந்தியில உக்கார வெச்சுட்டு இலைய எடுக்கறியா?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாட்டைப் பட்டினி போட்டால் பால் வற்றும். இது என்ன ஜென்மமோ, ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த வாரம், வித்து கட்டிவிட்டது, காயவைத்துப் பொடித்துவிட்டேன் என்று ஒரு பொட்டலம் பொடி கொடுத்தான். வெயில் ஆகாது, சாயங்காலம் தெளிக்கச் சொன்னான். தெளித்தேன். விடிந்து போய்ப் பார்த்தால் பூச்சி அத்தனையும் உயிரோடு இருந்தது.

என் மனைவி பாஞ்சாலை தலையில் அடித்துக்கொண்டாள். "புண்ணாக்கையும் குடுத்துட்டு நிக்கிறியே! எங்கண்ணன் வூட்ல வெசமருந்து இருக்குது, வாங்கியாந்து அடி. இல்லன்னா இந்த வருசம் வெறுங்கொடிதான் மிஞ்சும்."

வாங்கி வந்தேன். மருந்தடிக்கிற டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு செடியருகே குனிந்தேன். இலை மேல் ஒரு பூச்சி. குச்சியால் தொட்டால் நெளிந்தது. ஆனால் தின்னவில்லை. அடுத்த செடியிலும் அப்படித்தான். எந்த இலையிலும் புதுக் கடி ஒன்று கூட இல்லை.

"இன்னாத்துக்கு நிக்கிற? அடி!" கூடவே வந்திருந்த பாஞ்சாலை வரப்பிலிருந்து கத்தினாள்.

"பூச்சி சாவலடி. ஆனா தின்னவும் இல்ல."

"அப்ப மருந்து வேலை செய்யுதா, இல்லியா?"

"எனக்கு இன்னாடி தெரியும்?"

டேங்கை இறக்கி வைத்தேன். மூர்த்தியை நம்பி இல்லை. தின்னாத பூச்சிக்கு எதற்கு விஷம் என்றுதான். இருவரும் வரப்பில் உட்கார்ந்து, ஏதாவது ஒரு பூச்சி தின்ன வாயைத் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.