முதுகில் எண் ஏழு

கனடாவின் தண்டர் பே நகரில் பெண்களுக்கென்று ஐஸ் ஹாக்கி அணி இல்லாததால் கிர்ஸ்டி லாக்ஸோ பையன்களோடு ஆடித்தான் வளர்ந்தாள். ஒருவன் அவள் முகத்தை ஆடுகளத்தைச் சுற்றியிருந்த பலகைச் சுவரில் மோதி முன்பல்லை உடைத்தான். ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்தவள், அடுத்த சுற்றிலேயே அவனை மல்லாக்கத் தள்ளினாள். அன்றிலிருந்து எதிராளியை மோதித் தடுக்கும் தற்காப்பு இடம்தான் அவளுக்கு.

கனடா அணித் தேர்வில் கடைசி இடத்துக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள். கிர்ஸ்டியும், ரிமுஸ்கி ஊரிலிருந்து வந்த மரீஸ் தெரியோவும். ரெஃபரி வேறு பக்கம் பார்த்த நேரத்தில் மரீஸின் மட்டை கிர்ஸ்டியின் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு மளுக்கென்று முறிந்தது.

"ஐயோ பாவம், வலிக்குதா?" என்று குனிந்து கேட்டாள் மரீஸ்.

ஒலிம்பிக்ஸுக்கு மரீஸ் போனாள். கிர்ஸ்டி மாவுக்கட்டோடு வீட்டுக்குப் போனாள்.

சில வருடங்கள் கழித்துத் தொழில்முறை லீக்கின் இறுதி ஆட்டத்தில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ஆட்டம் சமநிலையில் முடியப்போகிற நேரம். மூலையில் கிடந்த ரப்பர் வட்டை எடுக்க மரீஸ் குனிந்தாள். அவள் முதுகில் எண் ஏழு பளிச்சென்று தெரிந்தது. எதிராளி திரும்பி நின்று முதுகு எண் கண்ணில் பட்டால் மோதக் கூடாது என்பது குழந்தைகளுக்கே சொல்லித்தருகிற பாடம். கிர்ஸ்டிக்கு எண் தெரிந்தது. வேகத்தைக் குறைக்கவில்லை.

தலை பலகையில் மோதிய சத்தம் மேல் வரிசை வரை கேட்டது. மரீஸின் கால் வெட்டி வெட்டி இழுத்தது. பனிமேல் ரத்தம் படர்ந்தது. ஒரு மூச்சு நேரம் கிர்ஸ்டிக்கு மனம் குளிர்ந்தது. அதன் பிறகுதான் மட்டையைக் கீழே போட்டாள்.

"என்னடி பண்ணித் தொலைச்சே!" என்று கத்தினாள் கிர்ஸ்டி அணியின் கோல்கீப்பர் ஷானா.

ரெஃபரி கிர்ஸ்டியை வெளியேற்றினார். ஆள் குறைந்த அணி கோல் வாங்கித் தோற்றது.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனாள். மரீஸின் கழுத்தைச் சுற்றிப் பட்டை.

"வெறுங்கையோட வந்திருக்கே. பூ எங்கடி?" என்றாள் மரீஸ்.

"உன்னால இந்தக் கை இன்னும் சரியா மடங்கல."

"உன் கையை அன்னிக்கு வேணும்னேதான் அடிச்சேன்."

"நானும்தான்."

"கிட்ட வா."

கிர்ஸ்டி குனிந்தாள். மரீஸ் ஓங்கி அறைந்தாள். அவள் கையிலிருந்த ஊசிக் குழாய் பிய்ந்து ரத்தம் தெறித்தது.

"நடக்கலாமாம். ஆட முடியாதாம். டாக்டர் சொல்லிட்டாரு," என்றாள் மரீஸ். "போ. வெளியே போ."

லீக் விதித்த தடைக்காலம் முடிந்து கிர்ஸ்டி திரும்பி வந்தாள். ஆனால் மூலையில் யாராவது முதுகைக் காட்டினால் அவள் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. லீக் முழுக்கச் செய்தி பரவியது.

"முதுகைக் காட்டுங்கடி, லாக்ஸோ நின்னுடுவா!" என்று எதிரணிப் பெஞ்சிலிருந்தே கூவினார்கள். ஒருத்தி அப்படித் திரும்பி நின்றாள். கிர்ஸ்டி நின்றதும் அந்தப் பெண் சட்டென்று திரும்பி முழங்கையைக் கிர்ஸ்டியின் தாடையில் இறக்கினாள்.

"திருப்பி அடி, லாக்ஸோ!" என்று கோச் பிராடி அலறினார். கிர்ஸ்டி தாடையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள்.

பனிக்காலம் முடிந்ததும் பிராடி கூப்பிட்டார்.

"எதிராளி உன்னைப் பார்த்துப் பயப்படணும்னுதாம்மா அணியில சேர்த்தோம். இப்ப எவளும் பயப்படல. இனி உனக்கு இடமில்லம்மா."

"தெரியும், கோச்."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.