சிரஞ்சீவி ராக்கன்

கல்யாணப் பத்திரிகையை மிராசுதார் வீட்டுக்குக் கொண்டுபோனவளே செவந்திதான். அதை அவளால் கடைசிவரை ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

தம்பி ராக்கன் பட்டாளத்திலிருந்து திரும்பி நாலு மாதம் ஆகியிருந்தது. பர்மாப் போரில் ரோடு போடும் படையில் இருந்தவன். குளத்தூர்ப் பக்கத்துப் பெண் அழகியைப் பேசி முடித்ததும், புதுக்கோட்டைக்குப் போய் அச்சடித்த பத்திரிகையோடு வந்தான். அவர்கள் தெருவில் அதுவரை யாரும் பத்திரிகை அடித்ததில்லை.

"இது எம் பேராடா?" என்று எழுத்துத் தெரியாத செவந்தி தம்பியின் பெயர்மேல் விரலை வைத்தாள்.

"அது எம் பேரு, அக்கா. சிரஞ்சீவி ராக்கன். ரொம்ப நாளைக்கு நல்லா இருக்கணும்னு அர்த்தம்."

"அதெல்லாம் ஐயா வீட்டுப் பிள்ளைகளுக்குத்தானடா போடுவாக?"

"ஏன், எனக்கு ஆயுசு வேணாமா?"

அவள் சிரித்துவிட்டாள். இரண்டு வயதில் தாயைத் தின்றவன் என்று ஊர் பேசிய பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவனுக்கு ஆயுசு வேண்டாமென்று எப்படிச் சொல்வாள்?

அந்த ஊரில் அவர்கள் தெருக் கிழவர்களுக்குக்கூட 'டேய்'தான் பட்டம். மிராசுதார் பெரியண்ணனின் பத்து வயது மகன் எதிரே வந்தால், தோள் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கி, 'சின்னய்யா' என்று ஒதுங்கி நிற்க வேண்டும். கல்யாணம் காட்சி என்றால் முதல் தகவல் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். அதனால்தான் வெற்றிலை பாக்கோடு போய் முற்றத்தில் நின்றாள்.

பள்ளிக்கூடம் போகிற பையன் பத்திரிகையை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தான். பாதியில் நிமிர்ந்தான்.

"அப்பா, சிரஞ்சீவின்னு எனக்குத்தானே போடுவாங்க?"

பெரியண்ணன் கோபப்படவில்லை. "போ செவந்தி. பெறகு பாத்துக்கிறலாம்" என்றார்.

உச்சி வெயில் சாயுமுன் நாலு பேர் வந்து ராக்கனைக் குடிசையிலிருந்து தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போனார்கள். செவந்தி பின்னாலேயே ஓடினாள். களத்துமேட்டில் வேப்பமரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். தெருச்சனம் வாய்க்காலுக்கு அந்தப்பக்கமே நின்றுவிட்டது.

"நீ யாருன்னு உன் வாயாலயே சொல்லுடா" என்றார் பெரியண்ணன்.

"ராக்கன். பட்டாளத்துல லான்ஸ் நாயக் ராக்கன்."

கண்காணி சேவுகன் புளியம் விளாரை வீசினான். முதல் அடியிலேயே முதுகுத் தோல் பிளந்தது. இருபதுக்கு மேல் செவந்தியால் எண்ண முடியவில்லை. பிறகு குடிசையிலிருந்து அள்ளி வந்திருந்த பத்திரிகைகளைக் கசக்கி அவன் வாயில் திணித்தார்கள். மஞ்சள் தடவிய காகிதம் ரத்தத்தில் ஊறி உதட்டோரம் வழிந்தது. அவன் துப்பினான். சேவுகன் அவன் வலது கையை அவிழ்த்து, பக்கத்தில் நின்ற வண்டியின் நுகத்தடிமேல் வைத்து முழங்கையை மிதித்தான். சுள்ளி முறிகிற மாதிரி சத்தம் கேட்டது.

"ஐயா, உங்க காலைக் கும்புடுறேன், விட்ருங்க" என்று செவந்தி மண்ணில் விழுந்து கிடந்தாள்.

பெரியண்ணன் தன் மகன் கையில் விளாரைக் கொடுத்தார். "நீ அடிப்பா. சின்னய்யா யாருன்னு அவனுக்குத் தெரியட்டும்."

பையன் இரண்டு தரம் அடித்தான். மூன்றாவதற்குக் கை ஓங்கியவன், தொங்கிக்கொண்டிருந்த முழங்கையைப் பார்த்துவிட்டு, விளாரைப் போட்டு ஓவென்று அழுதான். பெரியண்ணன் அவனை அறைந்தார். "அடிடா! அழுகவா கூட்டிக்கிட்டு வந்தேன்?"

எல்லாரும் பையனையே பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் செவந்தி எழுந்தாள். வைக்கோல் உதறும் கவைக்கோல் ஒன்று வைக்கோல்போரில் சாத்தியிருந்தது. எடுத்ததும் தெரியாது, வீசியதும் தெரியாது. சேவுகன் மண்டையைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். அடுத்த வீச்சு பெரியண்ணனின் தாடையில் விழுந்தது. பற்கள் களத்து மண்ணில் தெறித்தன. அந்த வீட்டு ஆள்மீது இதுவரை ஒரு கையும் விழுந்ததில்லை. மற்ற மூவரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

"வாங்கடா! இன்னும் எவன் இருக்கீக, இங்கிட்டு வாங்க!" என்று கத்தினாள். அவள் குரலா அது என்று அவளுக்கே பயமாயிருந்தது.

வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் நின்றவர்கள் அப்போதுதான் இறங்கி வந்தார்கள். கட்டை அவிழ்த்து ராக்கனைத் தோளில் போட்டுக்கொண்டு வயல்வரப்பில் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது அவர்கள் குடிசை எரிந்துகொண்டிருந்தது. செவந்தி நிற்கவில்லை.

குறித்த நாளிலேயே அழகியின் ஊரில் கல்யாணம் நடந்தது. கையில் மூங்கில் பத்தை கட்டியிருந்த ராக்கனால் தாலியை அழகியின் கழுத்தில் ஏந்திப் பிடிக்கத்தான் முடிந்தது. நாத்தனாராகச் செவந்தியே மூன்று முடிச்சையும் போட்டாள். மறுநாள் போலீஸ் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனது. சேவுகனுக்கு ஒரு கண் போயிருந்தது. ராக்கன் கொடுத்த பிராதுக்குச் சாட்சி சொல்ல ஊரிலிருந்து யாரும் வரத் துணியவில்லை. அவளுக்கு ஒன்றரை வருஷம் போட்டார்கள்.

விடுதலையான அன்று ஜெயில் வாசலில் ராக்கனும் அழகியும் நின்றார்கள். அவன் வலது கை முழங்கையில் மடங்கியே கிடந்தது. இடது கையில் ஒரு பச்சைக் குழந்தை.

"பயலா?" என்றாள் செவந்தி.

"ஆமாக்கா. இன்னும் பேரு வைக்கல. நீ வரட்டும்னு இருக்கோம்."

அவள் கைகளைச் சேலையில் துடைத்தாள். போதாதென்று தோன்ற, மறுபடியும் துடைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.