ஊத்துமலைப் புறாமாடம்

1908 ஐப்பசியில், உக்குவளைக்கு மேலேயுள்ள ஊத்துமலைத் தோட்டத்தில் புறாமாடத்தின் மேல்வரிசைக் கற்கள் இறங்கிய அன்று, கொழுந்து பறிக்கும் ராசம்மா நான்கு றாத்தல் குறைந்துபோனாள். மறுநாள் இரண்டாம் வரிசை இறங்கியது, இன்னும் நான்கு. தேயிலை ஸ்டோர் வாசல் தராசு பொய் சொல்லாது. கற்களை இறக்கியவன் அவளுடைய அண்ணன் ஐயாவு.

அந்த மாடத்தைக் கட்டியவனும் அவன்தான். கோப்பி அழிந்து தேயிலை வந்த புதிதில் இருந்த துரைக்கு ஸ்கொட்லாந்தில் தகப்பன் வீட்டுப் புறாமாடத்தின் ஞாபகம் போகவில்லை. அதே மாதிரி வட்டமாக, இருபத்துநான்கு வரிசைக் கல்லில், உட்சுவர் முழுக்கப் பொந்துகளும் நடுவில் சுழலும் ஏணியுமாகக் கட்டச் சொன்னார். கூலிக்காரர் லயத்தில் அவருக்குப் புறாத் துரை என்று பேர் விழுந்தது. புறாமாடத்தை இடித்தால் அந்த வீட்டு எஜமானி ஒரு வருஷம் தாங்கமாட்டாள் என்பது தங்கள் ஊர் நம்பிக்கை என்று, கட்டும்போதே அவர் அரைத் தமிழில் சொல்லியிருந்தார். பங்களாவில் எஜமானி யாரும் இல்லாததால் ஐயாவு சிரித்துவிட்டான். அடுத்த வருஷம் ராசம்மாவைப் பங்களாவின் குசினி வேலைக்கு எடுத்தார்கள். பதின்மூன்று வருஷம் அங்கே இருந்தாள். என்னவாக இருந்தாள் என்று லயத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. துரை கப்பலேறியதும் ஒரு தகரப் பெட்டியோடு இறங்கிவந்து கூடையை மாட்டிக்கொண்டாள்.

புதுத் துரைக்கு ஸ்டோரைப் பெருப்பிக்கக் கல் வேண்டியிருந்தது. அவர் பெண்சாதி புதுத் துரைசாணிக்கும் அந்த நம்பிக்கை தெரியும். உடம்பு இளைக்கிறதோ என்ற பயத்தில் தினமும் காலையில் தராசில் ஏறிப் பார்த்தாள். குறையவில்லை, தீபாவளிக்குப் பிறகு இரண்டு றாத்தல் கூடியிருந்தது. மாடம் யாரை எஜமானி என்று எண்ணிக்கொண்டிருக்கிறது என்பது ஐந்தாம் நாள்தான் ஐயாவுக்கு உறைத்தது.

வேலையை நிறுத்தினால் இருவர் பேரையும் தோட்டத்துக் கணக்கிலிருந்து வெட்டிவிடுவார்கள் என்று கங்காணி நாகமுத்து சொல்லிவிட்டார். "என்னா ராசம்மா, ஒன்னையும் கொழுந்தோட சேத்து வாடப் போட்டாங்களா?" என்று தராசடியில் கேலியும் பண்ணினார். பத்தாம் வரிசையோடு கேலி நின்றது. ஈரப் பாதையில் அவள் கால் பதியவில்லை. காற்றடித்தால் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐயாவு மூன்று முறை காய்ச்சல் என்று படுத்தான். பாதி மாடம் இறங்கியபோது, வஹகோட்டைப் பக்கம் எங்காவது ஓடிவிடலாம் என்று அவளைக் கூப்பிட்டான்.

"நா எங்கயும் வரல, அண்ணே," என்றாள் ராசம்மா. "பதிமூணு வருஷம் அந்த வூட்ல நா யாருன்னு ஒருத்தரும் சொல்லல. நீங்களும் கேக்கல. இப்ப கல்லு சொல்லுது. ஒடைங்க."

இருபத்துமூன்று வரிசையை இறக்கினான். அடிவரிசை பாறையோடு ஒட்டிப் பிடித்துவிட்டது, தோண்டினால் பங்களாவுக்குத் தண்ணீர் வரும் ஊற்று திசைமாறும் என்று துரையிடம் பொய் சொன்னான். துரை வந்து சப்பாத்துக் காலால் இரண்டு உதை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார். தொண்ணூற்றாறு றாத்தல் இருந்தவளுக்கு அன்று மாலை நான்கு மிஞ்சியிருந்தது, ஒரு கோழியின் எடை.

அந்த எடையோடு ராசம்மா இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்தாள். இடுப்பில் அம்மிக் குழவியைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். பொந்திழந்த புறாக்கள் லயத்தில் அவள் காம்பிரா அறையின் கூரையில் அடைந்தன. முதலில் குத்தலாகத் துரைசாணி என்றார்கள். பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அவளுடைய வேறு பேர் தெரியாது. எங்கே கடப்பாரைச் சத்தம் கேட்டாலும் ஐயாவு ஓடிப்போய் அந்த அடிவரிசைக் கல்வட்டத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவான்.

1931 மாசியில் அவள் சாதாரணக் காய்ச்சலில் போனாள். கல்வட்டம் அசையாமல்தான் இருந்தது. ஐயாவு போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பாடை தூக்க நாலு பேரைத் தேடிய நாகமுத்துவிடம், வேண்டாம் என்று சொல்லி, தங்கச்சியை ஒரு கையில் ஏந்திக்கொண்டு நடந்தான். கிழவராகிவிட்ட கங்காணி முன்னால் போய், பாதையில் நின்றவர்களிடம், "தொரசாணி வர்றாங்க, ஒதுங்குங்க," என்றார். எல்லாரும் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கினார்கள்.